ரெண்டு தோளுக்கு ஒரு துப்பாக்கி

என் செல்லக் கிறுக்கி செண்பகத்துக்கு,

நல்லா இருக்கியான்னு எழுத ஆரம்பிச்சு, அடிச்சுட்டேன். போனவளப் பாத்து அத என்னன்னு கேக்க? எங்க வீட்டுல மௌத்தாப் போனவுகளுக்குக் கையேந்தி துஆ கேப்போம், கடுதாசி எழுதுற பழக்கம் கிடையாது. ஒனக்கு துஆவும் கேட்டுட்டேன், கடுதாசியும் எழுதுறேன். ரெண்டுல எது மொதல்ல வந்து சேருதோ அத வாங்கிக்கோ.

நீ போயி பதினோரு மாசம் ஆச்சு. இப்பவும் யாருகிட்டயாவது ஒன்னப் பத்திச் சொன்னா, "தாயில்பட்டியில பட்டாசு கம்பெனியில போர்மேனா இருந்தா"ங்கிற வரைக்கும்தான் என்னைச் சொல்ல விடுறாக. ஒடனே மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, "வெடி விபத்தாக்கா?"ம்பாக. எனக்கு வரும் பாரு ஆத்திரம். "இல்ல, டெங்கு காய்ச்சல். ஊர்ல எல்லாரையும் கடிக்கிற அதே கொசுதான் அவளையும் கடிச்சுச்சு"ன்னு வெடுக்குன்னு சொல்லிருவேன். பதினாறு வருசம் மருந்து ரூமுல ஒரு பொறி விழாமப் பாத்துக்கிட்டவடி நீ. ஒன் பேர அந்தக் கூட்டத்துல சேக்க விட்டுருவேனா?

சரி, சேதிக்கு வாரேன். துப்பாக்கிய முடிச்சுட்டேன். "நம்ம துப்பாக்கி"ன்னு எழுத வந்தேன், கை நின்னுபோச்சு. அங்கனதான் விசயமே இருக்கு. நிதானமாச் சொல்றேன், நடுவுல பேசாத.

நம்ம ஆச எங்கன ஆரம்பிச்சுச்சுன்னு எனக்கே மங்கலாத்தான் இருக்கு. காலேஜ் என்.சி.சி.யில குப்புறப் படுத்து சுட்டோமே, அந்த அஞ்சு குண்டா? இல்ல, அன்னிக்கு ஹாஸ்டலுக்கு லேட்டாப் போனப்ப, "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"ன்னு வார்டன் மொறைக்க, நீ கூசாம "மதினி, மேடம்"னியே, அதுவா? பொட்டு வச்சவளுக்கும் முக்காடு போட்டவளுக்கும் அது என்ன உறவுன்னு அந்தம்மா யோசிக்கிறதுக்குள்ள மாடியேறிட்டோம். அன்னையிலேருந்து நீ எனக்கு மதினி, நான் ஒனக்கு மதினி.

பெறகு கல்யாணம், புள்ளைக, வேல. துப்பாக்கி எங்கிட்டோ போயிருச்சு. சூலக்கரைப் பக்கம் ஒரு பழைய பருப்பு குடோன்ல பத்து மீட்டர் சுடுற கிளப் ஆரம்பிச்சிருக்காகன்னு நீதான் சேதி கொண்டாந்தே. முப்பத்தி நாலு வயசுல போயி நின்னோம். பட்டாளத்துலேருந்து வந்த அவில்தார் ஐயா நம்மளத் தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்துட்டு, "புள்ளைகளச் சேக்க வந்தீகளா?"ன்னாரு. "இல்ல, நாங்கதான் அந்தப் புள்ளைக"ன்னே நீ. நாப்பதுக்குள்ள ஒரு தடவையாவது மாவட்டத்துக்காக மாநிலப் போட்டியில நின்னுறணும்னு அன்னிக்குத் திரும்புற பஸ்ஸுல சத்தியம் பண்ணோம். எனக்கு இப்ப முப்பத்தொம்பது.

கிளப்புத் துப்பாக்கி பூரா வலதுகைக்காரவுகளுக்குச் செஞ்சது. நீ இடதுகைக்காரி. ஒவ்வொரு தடவையும் கழுத்த வளச்சு, தாடைய இடிச்சுக்கிட்டு, "இது என்ன எழவு"ன்னு வஞ்சுக்கிட்டேதான் சுடுவே. புதுசா ஒண்ணு வாங்குறது நம்ம தலைக்கு மேல. அதனால தோளுல வைக்கிற கட்டை ஒடஞ்ச பழைய போட்டித் துப்பாக்கி ஒண்ணு வாங்கி, அவில்தார் ஐயா மூலமா கிளப்புல முறையாப் பதிஞ்சு, மரமும் மத்த சாமானும் நாமளே சேத்துக்கிறதுன்னு முடிவு பண்ணோம். லைசன்ஸ் தேவைப்படாத காத்துத் துப்பாக்கிதான். உள்ள இருக்குற எந்திரத்துல நம்ம கை படாது. ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க அச்சாபீஸுல மிஷின் ஓடாது. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுற லேபிள்ல கலர் வெலகிப்போன வேஸ்ட் எல்லாம் கட்டுக்கட்டாக் கெடக்கும், அதுக்கு மேல நீ படுத்துக்குவே. ஒன் தலைக்குக் கீழ நூறு மயிலு, காலுக்குக் கீழ நூறு தாமரை. ஜன்னல் வெயிலும் மை வாடையும் சேந்து ஆளக் கெறக்கும். நான் ஒரு லேபிளத் திருப்பி, வெள்ளப் பக்கத்துல துப்பாக்கி வரைவேன். நீ கண்ண மூடிக்கிட்டே, "இன்னும் கொஞ்சம் நீளமா"ம்பே. நீட்டுவேன். "கனம் கூடுதுடி"ம்பே. கொறைப்பேன். கண்ண மூடிக்கிட்டு ஒனக்கு எப்படிடி கனம் தெரிஞ்சுச்சு? மூணு வருசத்துல நாம செஞ்சு பாக்காத துப்பாக்கியே இல்ல. ஒண்ணுகூடக் கைக்கு வரல, ஆனா அந்தச் சொகம் நெசத் துப்பாக்கி வந்த பெறகு எனக்குக் கெடைக்கல.

மொதத் தகராறு காத்துக்கு. சிலிண்டர்ல காத்த அடச்சு வச்சுச் சுடுற மாடல் மேல எனக்குக் கண்ணு. பெரிய போட்டியில எல்லாரும் வச்சிருக்கிறது அதான். நீ படுத்திருந்தவ எந்திரிச்சு உக்காந்துட்டே.

"அடச்சு வச்ச எதையும் நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன், ஆமா."

"காத்துதானடி, மருந்தா?"

"எதுவா இருந்தா என்ன? சாயங்காலம் ரூமுல ஒரு சிட்டிக மருந்து மிச்சம் வச்சுட்டு வந்தா எனக்குத் தூக்கம் வருமா? ஒரு குண்டுக்கு ஒரு இழுப்பு. இழுத்த காத்து அந்தக் குண்டோட போயிறணும்."

அப்படித்தான் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துல இருக்குற நெம்புகோல இழுத்துக் காத்த அடைக்கிற பழைய மாடல் முடிவாச்சு. நம்ம கையில இருந்த காசுக்கும் அதான் தோது. ஆனா காசுக்காகத்தான்னு நீ ஒத்துக்கவே இல்ல, பாதுகாப்புக்குத்தான்னு கடேசி வரைக்கும் சாதிச்சே.

சைட்டு என் பொறுப்பு. சின்ன ஓட்டை வழியாப் பாத்து, வட்டத்துக்குள்ள வட்டத்த நிறுத்துற சைட்டு. லேபிள் மயிலு கழுத்துல நீலம் ஒரு மயிரெழ வெலகியிருந்தாலும் லென்ஸ வச்சுக் கண்டுபிடிக்கிறவ நான். நீ அதுல வாதாடல. மரம் வாகைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்.

ஸ்குருவ நீயே ஒரு துணிப்பையில கொண்டாந்தே. அம்புட்டும் பித்தள. மருந்து ரூமுக்குள்ள இரும்பு போகக் கூடாது, ஒரசுனா பொறி. மரச் சுத்தியல், பித்தளக் கரண்டின்னே வாழ்ந்தவ. "இரும்பு எதுக்குடி, வம்பு"ன்னே. இந்த ஊர்லயே பொறந்து வளந்த எனக்கும் அது ரொம்பச் சரியாத்தான் பட்டுச்சு. காத்துத் துப்பாக்கியில எங்க இருக்கு மருந்துன்னு ரெண்டு பேருல ஒருத்திக்காவது தோணுச்சா? வெளியூர்க்காரவுக கேட்டா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக.

கடேசியா தோளு. வலதுக்குச் செஞ்சா ஒனக்கு ஆகாது, இடதுக்குச் செஞ்சா எனக்கு ஆகாது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற கட்டை, கன்னம் வைக்கிற எடம் நடுவுல, சப்பையா. "ரெண்டு பேருக்கும்னு செஞ்சா ரெண்டு பேருக்கும் முழுசாப் பொருந்தாதும்மா"ன்னு அவில்தார் ஐயா அன்னிக்கே சொன்னாரு. நீ அவரு போற வரைக்கும் பொறுத்திருந்து, "அவுகளுக்கு என்ன தெரியும், ஒரே தட்டுல சாப்பிட்டவங்களப் பத்தி"ன்னே.

குடோன்ல நாம நிக்கிறது எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்கு. வலதுகைக்காரி நெஞ்ச வலப்பக்கம் திருப்பி நிப்பா, இடதுகைக்காரி இடப்பக்கம். அதனால எனக்கு வலப்பக்கத்து லேன்ல நீ நின்னா, ரெண்டு பேரும் நேருக்கு நேரா. மத்தவங்க எல்லாம் ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துக்கிட்டு சுடுறாக, நாம மட்டும் மொகத்தப் பாத்துக்கிட்டு. குண்டுக்கு குண்டு நீ புருவத்த ஒசத்திக் கேப்பே, "என்ன?"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்து ரெண்டு குண்டு கெட்டுப் போகும்.

ஒடஞ்ச துப்பாக்கி வந்து சேந்த மறுமாசம் ஒனக்குக் காய்ச்சல். ஆறே நாள். ஆறு நாள்ல ஒருத்தி எப்படிடி இல்லாமப் போவா? லேபிள் ஆர்டருக்கே பத்து நாள் கேப்போமே.

பெறகு மூணு மாசம் நான் துப்பாக்கி இருந்த பீரோவத் தொறக்கல. ஒரு மத்தியானம், அதே வேஸ்ட் கட்டு மேல அசந்து தூங்கிட்டேன். நீ வந்தே. பருத்திச் சேல, கையில வளையல் இல்ல, காதுல கம்மல் இல்ல, வேலைக்கு வாரது மாதிரியே. அச்சாபீஸ் வாசல்ல நின்னு, ஒங்க ரூமுக்கு வெளிய பதிச்சிருப்பாகளே செம்புத் தகடு, ஒடம்புல இருக்குற கரண்ட் எறங்கட்டும்னு மிதிச்சுட்டு உள்ள போவீகளே, அது எங்க வாசல்லயும் இருக்குறாப்ல கால வச்சு மிதிச்சே. உள்ள வரல. "என்னடி இன்னும் முடிக்கலயா?"ன்னு மட்டும் கேட்டே. முழிச்சுப் பாத்தா கன்னம் பூரா மயிலு மை.

மறுநாளே சாத்தூருக்கு பஸ் ஏறிட்டேன். அங்கன மர ஆசாரி, நான் வரஞ்ச லேபிளத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாரு சுடப் போறா?"ன்னு கேட்டாரு. "ரெண்டு பேரு"ன்னேன். "இன்னொருத்தவுகளயும் கூட்டியாங்க, அளவு எடுக்கணும்." "அவளுக்கு வேல சாஸ்தி, அளவு நான் சொல்றேன்"ன்னு ஒன் கை நீளத்த என் கையில காட்டுனேன். பொய்தான். ஆனா சொல்றப்ப பொய் மாதிரியே இல்ல.

வாகைக் கட்டை, பித்தள ஸ்குரு, நடுவுல சப்பையாக் கன்னம். அப்படியே நாம வரஞ்சது. குடோனுக்குக் கொண்டு போயி சுட்டேன்.

குண்டு வலப்பக்கம் போச்சு.

சைட்டத் திருப்பி நேராக்குனேன். நாலு குண்டு சொன்ன பேச்சக் கேட்டுச்சு, அஞ்சாவது திரும்ப வலப்பக்கம். அடுத்த வாரமும் அப்படித்தான், அதுக்கடுத்த வாரமும். எத்தனை வாட்டி திருத்துனாலும் குண்டு மெல்ல மெல்ல வலப்பக்கம் நகந்துக்கிட்டே போகுது. வலப்பக்கம் யாரு லேனு? ஒன் லேனு.

ஏ புள்ள, சிரிக்காத. நான் படிச்சவதான், அஞ்சு வேளை தொழுகிறவதான். பேய் பிசாசுன்னு யாராவது சொன்னா நானே வஞ்சு வெரட்டுவேன். ஆனா அந்தக் குறி அட்டையப் பாக்கப் பாக்க எனக்குள்ள ஒரு குளுமை எறங்குச்சு. நீ இழுக்குற. நீ அங்கன நின்னுக்கிட்டு, புருவத்த ஒசத்திக்கிட்டு, என் குண்ட ஒன் பக்கம் இழுக்குற. நான் சைட்டத் திருத்துறதையே விட்டுட்டேன். மார்க்கு விழுந்து விழுந்து தரைக்கு வந்துச்சு, நான் வாரா வாரம் பூ மாதிரி சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். "என்ன, ஜெயிச்சுட்டியா?"ன்னு எங்க வீட்டுக்காரவுக கேப்பாக. "ஆமா"ம்பேன். நாலு மாசம் செண்பகம். நாலு மாசம் அப்படி இருந்தேன்.

அவில்தார் ஐயாவுக்குப் பொறுக்கல. மாவட்ட செலக்சனுக்கு மூணு வாரம் இருக்கு, இந்த மார்க்குக்கு வாசல்லயே திருப்பி அனுப்பிருவாகன்னு என் கையிலேருந்து துப்பாக்கிய வாங்குனாரு. திருப்புளிய வச்சு ஒரு சுத்து சுத்துனாரு. மொகம் மாறிப்போச்சு.

"என்னம்மா இது, யாரு மாட்டுன ஸ்குரு?"

"என் மதினி கொடுத்தது."

"பித்தளையவா போடுவாக இந்த எடத்துல? மெத்துன்னு இருக்கு, ஸ்குருவோட புரியெல்லாம் தேஞ்சு போச்சு. ஒவ்வொரு குண்டுக்கும் குழல் மரத்துக்குள்ள அசையுது. இந்தா, கைய வச்சுப் பாருங்க." பாத்தேன். அசஞ்சுச்சு. "அதோட, கன்னம் வைக்க எடமில்லாம நீங்க மொகத்தப் போட்டு அழுத்துறீக. இடப்பக்கத்துலேருந்து அழுத்துனா வலப்பக்கம் போகாம எங்க போகும்?"

அம்புட்டுதான். அவரு ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நான் அந்தத் திருப்புளியக் கையில வச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன். தேஞ்ச புரி. சப்பக் கட்டை. நீ இல்ல.

இரும்பு ஸ்குரு போடணும், வலது கன்னத்துக்கு ஏத்த மாதிரி மரத்தச் செதுக்கணும். செதுக்குனா அது திரும்ப ரெண்டு பேருக்கு ஆகாது. இடதுகைக்காரி அதத் தூக்கித் தோளுல வைக்கவே முடியாது. செதுக்காட்டி செலக்சன் போச்சு, அடுத்த வருசம் நாப்பது, நாம பண்ண சத்தியமும் போச்சு. பத்து நாள் அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தி சாகுறது ஒரு தடவதானே? ஒன்ன ரெண்டாவது தடவ என் கையால எதுக்குடி சாகடிக்கச் சொல்ற?

ஒன் வீட்டுக்காரரு கருப்பசாமி அண்ணனக் கேக்காம செய்ய மனசு வரல. லோடு எறக்கிட்டு வந்தவர வீட்டு வாசல்ல நிப்பாட்டி எல்லாத்தையும் சொன்னேன். அண்ணன் துப்பாக்கிய வாங்கி, ஒன் பக்கத்த, அந்த இடது பக்கத்த, உள்ளங்கையால ஒரு தடவ தடவுனாரு. "செஞ்சுக்கோ தங்கச்சி. ஆனா எங்கிட்டக் கேக்காத"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. கோவமா அழுகையா, எனக்குத் தெரியல. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். பதினஞ்சு வருசம் குடித்தனம் பண்ணவ நீதானே.

ஆசாரிகிட்டக் கொடுத்தேன். "அந்த இன்னொருத்தவுகளுக்கு?"ன்னாரு. இந்தத் தடவ பொய் வரல. "அவ தவறிட்டாண்ணே"ன்னேன். அந்த வார்த்தைய நான் வாயைத் தொறந்து சொன்னது அன்னிக்குத்தான் மொதத் தடவ. பதினோரு மாசமா டெங்கு, கொசு, ஆறு நாள்னு என்னென்னமோ சொல்லியிருக்கேன், அத மட்டும் சொன்னதில்ல. ஆசாரி உளியெடுத்தாரு. சுருள் சுருளா மரம் விழுந்துச்சு. பாக்க முடியாம ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னேன், மதுரை பஸ்ஸும் திருநெல்வேலி பஸ்ஸும் போயிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு.

செலக்சன் போன ஞாயித்துக்கெழம முடிஞ்சுச்சு. பக்கத்து லேனுல ஒரு காலேஜ் புள்ள நின்னா, வலதுகைக்காரி. அவ முதுகுல தொங்குன சடையத்தான் பாத்தேன். அறுபது குண்டு. கன்னம் தானாப் போயி உக்காந்துச்சு, அழுத்தவே தேவைப்படல. ஒன் சொல்படி ஒரு குண்டுக்கு ஒரு இழுப்பு. நடுவுல எங்கயோ நான் எண்ணுறத மறந்துட்டேன். குடோன், வெயிலு, ஆளுக எல்லாம் தூரமாப் போயிருச்சு, வட்டத்துக்குள்ள ஒரு வட்டம் மட்டும் மெதந்துக்கிட்டு இருந்துச்சு.

முடிச்சுட்டு அட்டைகள வரிசையா வச்சுப் பாத்தேன். அம்புட்டும் நடுவுல கூடிக் கெடக்கு. ஒண்ணுகூட ஒன் பக்கம் வரல.

அவில்தார் ஐயா கையத் தட்டுறாரு. "பேரு வந்துருச்சும்மா, மாவட்டத்துக்கு எடுத்துட்டாக"ங்குறாரு. நான் அந்த அட்டைகள நெஞ்சோட வச்சுக்கிட்டு, அம்புட்டுப் பேரு முன்னாடி, கொமரி மாதிரி ஓன்னு அழுதேன். அடுத்த மாசம் மாநிலப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறாக, சந்தோசத்துல அழுறான்னு எல்லாரும் நெனச்சுட்டாக. நெனச்சுட்டுப் போகட்டும்.

அங்கன போயி ஒனக்காகச் சுடுவேன்னு சொல்ல மாட்டேன் புள்ள. ஒன்ன நெனச்சா கன்னம் அழுத்திரும், குண்டு திரும்பவும் ஒன் பக்கம் வந்துரும், எனக்கும் அது பிடிச்சுப் போயிரும். அதனால அந்த அறுபது குண்டுக்கும் ஒன்ன மறந்துருவேன். இது சத்தியம். மூணு மாசம் பீரோவப் பூட்டி வச்சவ, ஒன்ன மறக்கப்போறேன்னு ஒனக்கே எழுதுறேன் பாத்தியா? அறுபதாவது குண்டு போனதும் துப்பாக்கியக் கீழ வச்சுட்டு, மொத வேலையா ஒன்னத்தான் நெனைப்பேன். அதுவரைக்கும் கோவிச்சுக்காத.

வலது தோளுக்குச் செதுக்கிக்கிட்ட,
ஒன் மதினி
நிஷா